சண்டைக்கு ஓர் ஆள்

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு தம்பி, தலைக்குள்ள களிமண்ணு இருக்கறவங்கதான் அலமாரிக் கதவைத் திறந்து போட்டுட்டுப் போவாங்கன்னு.”

அண்ணி நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கண் தெரியாது. எதிரே இருந்த அண்ணனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சைகைதான் அவன் மொழி. இருவருக்கும் நடுவில் முக்காலி போட்டுத் தம்பி உட்கார்ந்திருந்தான்.

அலமாரியைக் கொஞ்சம் மூடி வைக்கச் சொல்கிறாள் என்று அண்ணனுக்குச் சைகை காட்டினான் தம்பி. களிமண்ணை அப்படியே விழுங்கிவிட்டான்.

அண்ணனின் கைகள் பறந்தன. நான் சமையலறையில் நிற்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போகிற கஞ்சப் பிசினாரிக்கு நெற்றி வீங்கினால் என்ன, மூக்கு வீங்கினால் என்ன?

“என்ன சொல்றாரு?”

“லைட்டை அணைக்கறதுக்கு முன்னாடி அவரு தோளை ஒரு தட்டு தட்டணுமாம் அண்ணி. மத்தபடி நீங்க சிக்கனமா இருக்கறது அவருக்குப் பெருமைதானாம்.”

“சட்டைக்கை அந்தச் சலசலப்பு சலசலத்துச்சு. சொன்னது இவ்வளவுதானா?”

“நடுவுல உங்க சமையலையும் பாராட்டினாரு.”

அண்ணி இருமல் வந்தவளைப் போல வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் தம்பி.

வேலை பறிபோய், நாலு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவன் அவன். வந்த புதிதில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தே கிடந்தான். யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. நல்ல வேளையாக இவர்களுக்குள் சண்டை மூண்டது. எழுந்து வந்து நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. அன்றாட விஷயங்களை அவர்கள் போனில் தட்டிச் சமாளித்துக்கொள்வார்கள். அண்ணன் தட்டுவதைப் போன் அண்ணிக்குப் படித்துச் சொல்லும். ஆனால் போனில் சண்டை போட முடியுமா? எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குள் கோபம் ஆறிப்போகாதா? தான் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் என்றைக்கோ இரண்டுபட்டிருக்கும் என்பதில் தம்பிக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது வெளியூர் அச்சகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. அவன் ஏங்கிக் கிடந்த வேலை. மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அண்ணி, அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடப் போறேன்” என்றான். அண்ணனுக்கும் சைகையில் சொன்னான்.

“ஏன்?” என்றாள் அண்ணி. அண்ணனின் புருவமும் அதையே கேட்டது.

“நான் போயிட்டா உங்க சண்டையை யாரு தீர்க்கறது? நேத்து உப்பு, இன்னிக்கு அலமாரி, நாளைக்கு என்னவோ. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் போய்ச் சேராம ஆளுக்கொரு மூலையில உக்காந்திருப்பீங்க.”

“எங்களுக்காக உன் பொழைப்பைக் கெடுத்துக்காத. நாங்க எப்படியோ ஓட்டிக்கறோம்.”

“எப்படி ஓட்டுவீங்க? விடுங்க அண்ணி. இங்க சிக்னல் கிடைக்காது, கீழ போய்ப் பேசிட்டு வந்துடறேன்.”

தியாகிக்கு உரிய கம்பீரத்தோடு போய் வாசல் கதவைத் திறந்தான். செருப்பைத் தேடிக் குனிந்த நேரத்தில் காற்று கதவை அறைந்து சாத்தியது. அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அண்ணி இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் அந்தக் கைகளுக்குள் தன் கைகளைக் கொடுத்துச் சைகை செய்தான். அவன் விரல்கள் அசைய அசைய, அவள் தொட்டுத் தொட்டே புரிந்துகொண்டு தலையாட்டினாள். பிறகு கைகளை விடுவித்துக்கொண்டு, பிசிறில்லாத சைகையில், தம்பியே பார்த்திராத வேகத்தில் பதில் சொன்னாள்:

“படுக்கையிலேர்ந்து அவனை எழுப்பறதுக்குன்னு ஆரம்பிச்ச சண்டை, இப்ப அவனைப் போக விடாமப் பிடிச்சுக்கிச்சு. ஓடுங்க, அவன் போன் பண்றதுக்குள்ள, நாம சமாதானமாயிட்டோம்னு சொல்லுங்க.”