ஸ்டாமெனின் முரசு

பல்கேரிய மலைக் கிராமத்தில் ஒரு கல்யாண முற்றம். நாற்காலியில் உட்கார்ந்து முரசு அடிக்கிறான் ஸ்டாமென். போன மாதம்தான் மருத்துவமனையில் தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் துடிப்பைத் தடுமாற வைத்த இடத்தைச் சுட்டு அனுப்பினார்கள். கனம் தூக்கக் கூடாதென்று முரசுக்கும் ஒரு நாற்காலி. எதிரே, கைகோத்து ஆடும் வரிசையின் தலையில் கைக்குட்டையைச் சுழற்றி வருகிறான் ராட்கோ. "நெஞ்சுக்குள்ளயே தாளம் தப்புறவனுக்கு முரசு எதுக்குய்யா?" என்று ஊரெல்லாம் சிரித்து, இந்தக் கல்யாணத்துக்கு வேறு ஆளை வைக்கப் பார்த்தவன். வரிசையின் தலையில் நிற்பவன், முரசு ஓயும் முன் விலகினால் ஊர் காறித் துப்பும். ஸ்டாமென் தாளத்தை முடுக்குகிறான். கிளாரினெட் மூச்சிரைக்கத் துரத்தி வருகிறது. மேஜை மேல் ராக்கியா சாராயக் கோப்பைகள் நடுங்குகின்றன. ராட்கோவின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. அருகே சுற்றி வரும்போது, "போதும்டா, நிறுத்து" என்று கெஞ்சுகிறான். "என்னண்ணே, படபடன்னு வருதா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்கிறான் ஸ்டாமென், குச்சியை ஓங்கியபடி. ஸ்டாமெனின் மனைவி நெதெல்யா பதறி ஓடிவந்து அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைக்கிறாள். துடிப்பு வேகமாக இருக்கிறது, ஆனால் பிசகவில்லை. நிமிர்ந்து ராட்கோவைப் பார்க்கிறாள். கையை எடுக்காமலே கணவனின் காதருகே குனிகிறாள். "இன்னும் கொஞ்சம் வேகமா அடிங்க."