இடம் அடைக்காத குரல்

வாசலூர்பட்டி படகுத்துறைக்கு எதிரே இருக்கும் செல்போன் கடையில், கண்ணாயி இரண்டு கைகளாலும் போனை வாங்கிக்கொண்டாள்.

புதுசு மாதிரி ஓடியது. நேற்றுவரை தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். முழுசாக அழித்தால்தான் பிழைக்கும் என்று கடைக்கார அருள்ராஜ் சொல்லியிருந்தான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். எது போனாலும் போகட்டும், அதில் பிடித்து வைத்திருக்கும் மகளின் குரல் மட்டும் போகக் கூடாது.

ஒரே மகள் அம்சவேணி. போன மாசியில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. மிளகுக் கொடியடியில், மரவள்ளிக் காட்டில், அடுப்படியில் என்று அவ்வப்போது பிடித்து வைத்ததுதான் மிச்சம். அதைக் காதில் வைக்காமல் கண்ணாயிக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

அருள்ராஜ் மலையடிவாரத்திலிருந்து மேலே வந்து கடை போட்டவன். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான்.

"எல்லாத்தையும் எழுத்தா மாத்தி வெச்சுட்டேனுங்க அக்கா. குரலாவே இருந்தா எடத்த அடைச்சு மறுபடி நின்னு போயிருமுங்க."

சத்தம் எங்கே என்று கேட்டாள். அழித்தாயிற்று, திரும்ப வராது என்றான். பேசியது ஒரு வார்த்தை விடாமல் இருக்கிறதே, அப்புறம் சத்தம் எதற்கு என்றான்.



அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் போனை வாங்கி, அவனே திறந்து படித்துக் காட்டினான். இங்க பாரு சாமி. சோறு வேண்டாமா கண்ணுக்கு. அடுத்ததைத் திறந்தான். மழை வருது, உள்ள வா கண்ணு. அதற்கடுத்ததைத் திறந்தான்.

எங்காவது ஒரு துளியாவது தங்கியிருக்காதா என்று கண்ணாயி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பாழும் மனசு, வேறென்ன செய்யும்?

படிக்கப் படிக்க அருள்ராஜின் குரல் இறங்கியது. எல்லாம் தாய் பேசியதாகவே இருந்தது. ஒன்றுக்கும் பதிலைக் காணோம். பாப்பா பேசியதை மட்டும் எப்படி விட்டிருக்கும் என்று மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினான்.

கண்ணாயி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

"தேடாதீங்க தம்பி. அவளுக்குப் பேச்சு வராதுங்க. சிரிப்பு மட்டுந்தான்."