போர்வைக்கு வெளியே வராத கை

மணிலா ராணுவ மருத்துவமனையின் வார்டுக் கதவு படாரென்று சுவரில் மோதுகிறது. கட்டில்களில் கிடக்கும் சிப்பாய்கள் திடுக்கிடுகிறார்கள். வெடி அல்ல, அவர்களில் ஒருவனான ருஃபினோவின் மகள் நிங்னிங் ஓடி வருகிறாள். அவன் மனைவி மிலாக்ரோஸ் அவசரமாகப் போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிடுகிறாள். கண்ணிவெடி அவனுடைய இரண்டு கைகளையும் கொண்டுபோனதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை. “என்னய்யா, புதுப்பொண்ணு மாதிரி மூடிக்கிட்டே!” என்று சிரிக்கும் பக்கத்துக் கட்டில்காரன், விஷயம் புரிந்ததும் சட்டென முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்பாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றி ஆசி வாங்க, நிங்னிங் வழக்கம்போல் குனிந்து நிற்கிறாள். மாலை வெயில் அவள் பிடரியில் விழுகிறது. மின்விசிறி கடகடக்கிறது, போர்வை அசையவில்லை. கோபம் இருந்தால்தான் பெரியவர்கள் பிள்ளைக்குக் கை தரமாட்டார்கள். குனிந்தபடியே அவள் கேட்கிறாள்: “அப்பா, நான் என்ன தப்பு பண்ணேன்?”