வீட்டுப் பக்கம் இழுக்கும் ஜீப்

பழைய ஜீப்பின் முன்சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவது முறையாக டேப் பிடித்து அளந்துவிட்டு மெக்கானிக் எழுந்தார்.

"அலைன்மென்ட் சரியா இருக்குக்கா. ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்சில். இதுக்கு மேல திருப்ப ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் தம்பி இழுக்குது?"

"அதான் புரியல. இந்த ரோட்டுல ஓட்டிப் பார்த்தேன். போறப்ப இடப்பக்கம் இழுக்குது, திரும்பி வர்றப்ப வலப்பக்கம். கோணல்னா எப்பவும் ஒரே பக்கம்தானே இழுக்கணும்?"

அந்த ரோட்டில் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் இருப்பது அவள் வீடு.

"யாரு வண்டிக்கா?"

"வீட்டுக்காரரோடது. போன மாசம்தான் போய்ச் சேர்ந்தார். இருந்தவரைக்கும் என்னை வாசப்படி தாண்ட விடல."

"பேசாம பஸ்ல போங்களேன்."

"எதுக்கு? பத்து மணிக்கு வேலையில சேரணும், இதுலதான் போவேன். இழுக்கறவரு இழுக்கட்டும், நானும் பார்க்கறேன்."

நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, அலுவலக வாசலில் அவள் இன்ஜினை நிறுத்தியபோது பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது. தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. ஸ்டியரிங்கில் நான்கு கைகளின் வியர்வைத் தடங்கள் இருந்தன. இரண்டு அவளுடையவை. மற்ற இரண்டும் பெரியவை, இன்னும் காயவில்லை.

"நான் வர ஆறு மணியாகும். அதுவரைக்கும் உள்ளயே உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.