காபி குடிக்காத குடித்தனம்

"காபி வேண்டாங்க" என்று அந்தப் பையன் சொன்னதும் ஆதிநாராயணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

பின்னே? திருப்பதியில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன், வீட்டுக்காரம்மா கையால் கொடுத்த காபியை வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? வீடு பிடிக்கவில்லை என்றுதானே?

"மாடி போர்ஷன் புடிக்கலியாப்பா?"

"ஐயோ, ரொம்பப் புடிச்சிருக்குங்க. நாங்க காபி, டீ குடிக்கறதில்லை. எங்க மதத்துல கிடையாது."

பையன் பேர் கிளமென்ட். கங்காதர நெல்லூர்க்காரன். இங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. பக்கத்தில் மனைவி ஷோபா, எட்டு மாசம். இப்போது இருக்கிற வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். போய்ப் பார்த்த வீடுகளில் எல்லாம் மதம் என்ன என்று கேட்டார்கள், பதில் விளங்காமல் முழித்தார்கள், "சொல்லி அனுப்பறோம்" என்று கதவைச் சாத்தினார்கள். பிரசவத்துக்கு முன்னால் ஒரு வீடு கிடைக்க வேண்டுமே என்று அந்தப் பெண்ணுக்குத் தூக்கமே போயிருந்தது.

"பேரைப் பாத்தா கிறிஸ்தவங்க. எதிர்ல, எங்க கீழ் போர்ஷன்ல குடியிருக்கற தனராஜ் சாரும் கிறிஸ்தவர்தான். காபி இல்லேன்னா அவருக்குப் பொழுதே விடியாதே!"

"நாங்க மார்மனுங்க."

"அது இன்னா?"

"வெள்ளைச் சட்டை, டை கட்டிக்கினு ரெண்டு ரெண்டு பேரா போவாங்களே, அவங்களா?" என்றாள் ஆதிநாராயணன் மனைவி தாட்சாயணி.

"ஆமாங்க, அவங்கதான்."

ஆதிநாராயணன் நகரி பக்கத்து ஆள். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் விடவே மாட்டார். "தனராஜ் சார், இப்படிக் கொஞ்சம் வாங்க!" என்று எதிர்க் கதவைப் பார்த்துக் குரல் விட்டார்.

தனராஜ், தாத்தா காலத்திலிருந்தே சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். இப்போது இங்கே சர்ச் கமிட்டிச் செயலாளர். மார்மன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பனியனோடேயே வந்துவிட்டார்.

"ஓ, அவங்களா? கதையை அவன் வாயாலயே கேளுங்க சார். தமாஷா இருக்கும்."

கிளமென்ட் கோபப்படவில்லை. கேட்டுப் பழகியவன் போல.

"இருநூறு வருஷத்துக்கு முன்னே அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித்னு ஒரு பையன். பதினாலு வயசு. அந்த ஊர்ல ஆளாளுக்கு எங்க சபைதான் நிஜம், உங்க சபை பொய்னு சண்டை. எதுல சேரறதுன்னு கடவுளையே கேட்டுடலாம்னு தோப்புக்குள்ள போய் முழங்கால் போட்டாரு. பிதாவும் குமாரனும் நேர்ல வந்து, எதுலயும் சேராதேன்னாங்க."

"அடடே, சபைச் சண்டை அங்கேயும் உண்டா?" ஆதிநாராயணன் தனராஜைப் பார்த்தார். போன கமிட்டி எலெக்‌ஷனில் நாற்காலி பறந்தது தெருவுக்கே தெரியும்.

தனராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்புறம் மொரோனின்னு ஒரு தூதன் வந்து, ஒரு குன்றுல புதைச்சிருந்த தங்கத் தகடுங்களைக் காட்டினாரு. அதுல எழுதியிருந்ததுதான் மார்மன் புத்தகம். பைபிளோட அதையும் படிப்போம்."

"அந்தத் தகடு இப்ப எங்கேன்னு கேளுங்க சார்!"

"தூதனே திரும்ப வாங்கிக்கினாருங்க."

"பாத்தீங்களா!" தனராஜ் தொடையில் தட்டிக்கொண்டார்.

ஆதிநாராயணன் யோசித்தார். "நம்ம ஊர்ல தங்கம் கையில இருந்தா மலைக்குப் போவும். மலையில இருந்து கைக்கு வந்த கதை இப்பத்தான் கேக்கறேன்."

"தூதன் வந்தானாம், தகடு குடுத்தானாம்! நம்பற மாதிரியா இருக்குது?"

"ஏன் சார், மரியாள்கிட்ட தூதன் வந்தாருன்னு கிறிஸ்மஸுக்குக் கேக் குடுக்கும்போது நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் தாட்சாயணி.

"அது வேறம்மா. அது ரெண்டாயிரம் வருஷத்துக் கதை."

"ஓகோ, பழசானா சரியாப் போயிடுமா?"

ஷோபாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தைரியமும் வந்தது. "எங்க கோயில்ல வெச்சுப் புருஷன் பொஞ்சாதியைச் சேத்து வெச்சா, செத்தப்புறமும் அந்தப் பந்தம் விட்டுப் போவாதுக்கா. குடும்பம் என்னிக்கும் குடும்பம்தான்."

தாட்சாயணி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். "அவுனா, நெஜமாவா? மேல போயும் இவரேவா?"

ஆதிநாராயணன் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "பீடி, சாராயம்?"

"எதுவும் கிடையாதுங்க."

அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான். ஆனால் விவரம் தெரிந்த கிறிஸ்தவரே இப்படிச் சிரிக்கிறாரே! தனராஜை வாசல் பக்கம் இழுத்துப்போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"சார், இதெல்லாம் நமக்குத் தெரியாது. நீங்க சொல்றதுதான். குடுக்கலாமா?"

தனராஜ் யோசிக்கவே இல்லை.

"மாடியை இவங்களுக்குக் குடுக்காதீங்க."

ஷோபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிளமென்ட் அவள் கையைப் பிடித்து எழுப்பினான். "பரவாயில்லைங்க. நாங்க வர்றோம்."

தாட்சாயணிக்கு வந்ததே கோபம்!

"நல்லாருக்கு சார் உங்க நியாயம்! நீங்க கும்பிடற அதே ஏசுவைக் கும்பிடற புள்ளைங்க. வாயும் வயிறுமா நிக்கறவளைப் பாத்து இப்படிச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

"அவளைப் பாத்துத்தாம்மா சொன்னேன். தகடு, தூதன் ஒண்ணையும் நான் நம்பப் போறதில்லை, அது வேற" என்ற தனராஜ், தன் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஞானசௌந்தரி, சாமானைக் கட்டு! நாம மாடிக்குப் போறோம். கீழ் போர்ஷன் இந்தப் புள்ளத்தாச்சிக்கு!"