பிஸ்டன் ஐயா சொன்னபடி

"இன்ஜின் மேலேயே வச்சுடறேன் சார். இடமும் இருக்கு, வயரும் மிச்சம்."

மெக்கானிக் சொல்லி முடிப்பதற்குள் செடிப் பண்ணைக்காரர் ஒரு விரலை உயர்த்தினார். "கொஞ்சம் பொறுங்க. பிஸ்டன் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று போனை எடுத்தார்.

பழைய டீசல் வேன் வைத்திருப்பவர்களுக்கென்று ஓர் இணையக் குழு உண்டு. அதில் 'பழைய பிஸ்டன்' என்ற பெயரில் எழுதுகிற ஆள்தான் இந்த ஐயா. முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் மூன்று மாதமாகப் பண்ணைக்காரருக்கு அவர் சொல்வதுதான் வேதவாக்கு.

வேனுக்கு வந்திருந்த நோய் அப்படி. காலையில் குதிரை மாதிரி கிளம்பும். முக்கால் மணி நேரம் ஓடி மேடு ஏறும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும். டேங்க்கைக் கழுவினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள். பலனில்லை. போன தடவை ஓட்டலுக்கு ஏற்றிப்போன பூச்செடிகள் வழியில் வெயிலில் காய்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் இறங்கின. இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு பண்ணையைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நாளைக் காலை அங்கே முந்நூறு தொட்டிகள் போக வேண்டும்.

நோயைக் கண்டுபிடித்தது பிஸ்டன் ஐயாதான். டீசல் பம்பின் இடுப்பில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு டீசல் விடுவது என்று பம்புக்கு உத்தரவு போடுவது அதுதான். இன்ஜின் சூட்டில் அது மயங்கினால் வண்டியும் மயங்கும். அதைக் கழற்றி, சீப்புப் பல் மாதிரி வரிவரியாக இருக்கும் 'ஹீட் சிங்க்' என்ற அலுமினியக் கட்டையில் பொருத்தினால் சூடு இறங்கிவிடும் என்று எழுதியிருந்தார். கட்டையும் வாங்கியாயிற்று. எங்கே வைப்பது என்பதில்தான் இப்போது தகராறு.

பழைய டயர் ஒன்றின் மேல் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த பண்ணைக்காரரின் மனைவி மெக்கானிக் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"தம்பி சொல்றதுதாங்க சரி. கண்ணு முன்னாடி நிக்கிறவரை விட்டுட்டு, முகம் தெரியாத ஆளையா நம்புவீங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. லாரிப் பட்டறை வச்சிருந்த உங்கப்பா என் தலையில கட்டின வண்டிதானே இது?"

அவள் தன் போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. பண்ணைக்காரர் தீர்ப்பு வாசிப்பதுபோல வாசித்தார். இன்ஜின் மேல் வைப்பது, அடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்து அடுப்பில் வைப்பதற்குச் சமம். முன் பம்பருக்குப் பின்னால், காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்கவும்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. வயரை நீட்டினான்.

அடுத்து, பெட்டிக்கும் கட்டைக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல அவன் அப்ப ஆரம்பித்தான். இன்னும் தாராளமாகத் தடவச் சொன்னாள் பண்ணைக்காரரின் மனைவி. அவள் சொன்னதாலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி கேட்டார். முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி மெல்லிசாக இருந்தால் போதும், அப்பினால் சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று பதில் வந்தது. மெக்கானிக் பசையை வழித்துப் போட்டான்.

"கேட்ட நிமிஷமே பதில் போடுறாரு. வேலைவெட்டி இல்லாத ஆளா இருப்பாரு போல" என்று மனைவி முணுமுணுத்தாள். பெரிய மனிதர்களைப் பற்றி அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று பண்ணைக்காரர் கண்டித்தார்.

நான்கு திருகுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லி அடுத்த உத்தரவு. சாயங்காலத்துக்குள் மெக்கானிக்கே பக்தன் ஆகிவிட்டான். "சார், வயர் சொருகுற முனை மேலே பார்க்கணுமா, கீழே பார்க்கணுமா? ஐயாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்று அவனே வந்து நின்றான். கீழே பார்க்கட்டும், அப்போதுதான் தண்ணீர் தங்காது என்றார் ஐயா.

மறுநாள் காலை முந்நூறு தொட்டிகளோடு வேன் கிளம்பியது. மேடு வந்தபோது பண்ணைக்காரர் கியரைக் குறைத்தார். மனைவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக நிற்கும் புளியமரம் வந்தது; போனது. வேன் ஒரு செருமல்கூட இல்லாமல் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்க ஆரம்பித்தது.

பண்ணைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினார். பிஸ்டன் ஐயா மட்டும் நேரில் கிடைத்தால் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்துவிடுவேன் என்றார். அப்போது அவர் போனில் மணி அடித்தது.

"அவராத்தான் இருக்கும். என்ன போட்டிருக்காருன்னு படி" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் நிதானமாகப் படித்தாள்: "'இறக்கத்துல இவ்வளவு வேகம் ஆகாது. பின்னால இருக்கறது பூச்செடி. கியரைக் குறைச்சு மெதுவா போங்க.'"

பண்ணைக்காரர் உடனே கியரைக் குறைத்தார். "என்ன அக்கறை பாரு. பக்கத்துலயே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி சொல்றாரு" என்று நெகிழ்ந்துபோனார்.

தன் போன் தன் சட்டைப் பையை விட்டு வெளியே வரவே இல்லை என்பது, மூன்றாவது வளைவு தாண்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.