நின்றுபோன கல்யாணம்

அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்கிறாள். மேசையில் போதகரின் வெள்ளை அங்கி பாதி தேய்த்தபடி கிடக்கிறது. மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அதன்மேல் விரித்திருக்கிறது. எதிர்ச் சுவரோரம் தங்கை, கையில் துணிப்பையோடு. உதடு கிழிந்து வீங்கியிருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்காவுடனான நிச்சயத்தை முறித்துவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டவனின் கைவேலை அது. அன்றிலிருந்து சகோதரிகளுக்குள் பேச்சில்லை. "கர்த்தர் உன்னை எதிலிருந்தோ காப்பாத்தியிருக்கார்" என்று அம்மா சொன்னபோதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சந்தோஷம்தானே?" என்கிறாள் தங்கை. "அம்மா சொன்னது பலிச்சுப்போச்சு. உன்னைக் காப்பாத்தினவரு என்னை எதுக்குத் தள்ளிவிட்டாரு?"

அக்கா பெட்டியை வைத்துவிட்டு ஈரத்துணியை நீட்டுகிறாள். தங்கை அதைத் தட்டிவிடுகிறாள். அப்போது கதவு அதிர்கிறது. "வெளிய வாடி" என்கிறான் அவன். தங்கையின் பை நழுவி விழுகிறது. அக்கா சுற்றிப் பார்க்கிறாள்: தனியாளாக உழைத்துப் பிடித்த அறை, ஒற்றைக் கட்டில், திறக்கவும் மூடவும் யாரையும் கேட்க வேண்டாத கதவு. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் இப்படியொரு கதவு இருவரில் ஒருத்திக்கும் இருந்திருக்காது. "ஆண்டவரே, இதுக்குத்தானா?" என்று அவள் முணுமுணுப்பதில் நன்றியைவிடக் கோபம்தான் அதிகம். மேல் தாழ்ப்பாளையும் போடுகிறாள். "இது என் வீடு. அவ இங்கதான் இருப்பா. நீ போ." வெளியே அவன் கதவை உதைக்கிறான். தங்கை, முறைப்பு மாறாமலே, கட்டிலின் ஓரத்தில் உட்காருகிறாள்.